ஒரு சண்டை குறைகிறது

பள்ளிக்கூடத்தில் சண்டை குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்ட டீச்சர் இந்த உலகத்தில் மலர்விழி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். மற்ற டீச்சர்கள் எல்லாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "இந்த வருஷம் பசங்க பரவால்லப்பா, அடங்கிட்டாங்க" என்று மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஓவிய ஆசிரியை மலர்விழி மட்டும் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு, குழாயடிக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். எங்கேயாவது யாராவது முட்டிக்கொள்கிறார்களா என்று பார்க்கத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் அந்தப் பள்ளியின் முன்பக்க மதில் சுவருக்குப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் வெள்ளையடித்து, கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். அதற்கு அமைதி வாரம் என்று பெயர். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள்கூடத் தூக்கக் கலக்கத்தை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். மற்ற பள்ளிகளில் நன்றாக வரைகிற பிள்ளைக்குச் சுவர் கிடைக்கும். இங்கே சண்டை போட்ட பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அந்த வருஷம் யார் யாரோடு மல்லுக்கட்டினார்களோ, அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். மலர்விழி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் இது.

அதற்குச் சட்டதிட்டம் உண்டு. கட்டத்தின் நடுவே கோடு போட்டு, இது உனக்கு அது எனக்கு என்று பாகம் பிரித்துக்கொள்ளக் கூடாது. படத்துக்குக் கீழே எதற்காகச் சண்டை வந்தது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே வாக்கியத்தை எழுத வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். புறா வரையவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் மட்டும் மலர்விழி கொண்டுவந்தது. அவள் சேர்ந்த புதிதில் சுவர் முழுக்கப் புறாவாக இருந்தது. ஒரு கட்டத்தில், எந்தப் புறா யாருடையது என்று மறுபடியும் அடிதடி ஆகி, ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அன்றோடு புறாவுக்குத் தடை போட்டாள்.

படம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அந்த ஒற்றை வாக்கியம்தான் ஆளைக் கொல்லும். யார் முதலில் தொடங்கியது என்று பஞ்சாயத்து நடக்கும், சாட்சிகள் வருவார்கள், அழுகை வரும், கடைசியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். இந்த வருஷம் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நிலவனும், குவார்ட்டர்ஸ் பையன் பிரவின்குமாரும் எழுதிய வாக்கியம் மலர்விழியையே உலுக்கியது. 'உங்கப்பா கான்ட்ராக்ட்தானே என்று பிரவின் சொன்னான், நிலவன் அடித்தான்.' பிரவினின் அம்மா மறுநாளே வந்து அதை அழிக்கச் சொன்னார். "நடந்ததத்தான எழுதிகினு இருக்குதுங்க? அழிக்கறதுக்கு இல்லங்க" என்று மலர்விழி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

எல்லாம் சரி. ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாருடைய கண்ணிலும் படுகிற முதல் கட்டம்.

சண்டைக்குப் பஞ்சம் வந்ததற்குக் காரணம் கேமரா. வராந்தா வராந்தாவாகக் கேமரா வைத்த பிறகு பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். அடித்துக்கொள்வதை எல்லாம் வீட்டுக்குப் போய் அம்மாவின் போனில் மெசேஜாக வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு வரும்போது ஒவ்வொன்றும் பால் வடியும் முகத்தோடு வந்து நின்றது.

தலைமையாசிரியை புஷ்பவல்லி இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவர் இல்லை. எதையும் சுத்தமாக, நேராக வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர், அவ்வளவுதான்.

"சண்டை இல்லன்னா சந்தோஷம்தானே படணும் டீச்சர்?" என்றார். "வெள்ளிக்கிழமை கெஸ்ட் வராங்க. கேட்டுப் பக்கத்துல வெள்ளையா ஒண்ணு நின்னா நல்லாவா இருக்கு? இந்த வருஷம் நிரம்பினா சரி. இல்லன்னா அடுத்த வருஷத்துல இருந்து ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டிடலாம். பளிச்சுனு இருக்கும். மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

ஃப்ளெக்ஸில் என்ன இருக்கும் என்று மலர்விழிக்குத் தெரியாதா? உலக உருண்டை இருக்கும், அதைச் சுற்றிக் கை கோத்த குழந்தைகள் இருப்பார்கள், மேலே கட்டாயம் ஒரு புறா இருக்கும். ஆனால் அவள் பயந்தது புறாவுக்காக மட்டும் இல்லை. வருஷம் முழுவதும் ஓவியப் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் சுதாகர் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பீரியட். "ஒரே ஒரு சாப்டர் பாக்கி டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே வருவார், இவள் சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். ஜனவரியில் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிற ஒரு வாரம்தான் அவள் டீச்சர். அதுவும் போய்விட்டால், கணக்குப் பாடத்துக்கு இடம் பிடித்து வைக்கிற ஆள் என்பதைத் தவிர அவளுக்கு அங்கே வேலை ஏது?

அதனால்தான் அலைந்தாள். விஷயம் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"மிஸ், நாங்க வேணா அடிச்சிக்கட்டுமா மிஸ்?"

"போங்கடா. பொய்ச் சண்டைக்கெல்லாம் கட்டம் கெடையாது."

"நெஜமாவே அடிப்பேன் மிஸ். இவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"ஒண்ணும் சொல்லலன்னா அது என்னாடா சண்டை?" என்று விரட்டிவிட்டாள். ஆனாலும் அவர்கள் கேட்ட விதத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை காலை பிரேயரில் தலைமையாசிரியையே மைக்கைப் பிடித்தார். "இன்னும் யாராவது சண்டை போட்டுட்டு, சமாதானம் ஆகாம இருக்கீங்களா? பயப்படாம சொல்லலாம். பனிஷ்மென்ட் கிடையாது."

ஏழாம் வகுப்பு வரிசையில் இசைப்பிரியா என்கிற ஒரு வாயாடி கையைத் தூக்கினாள்.

"மேடம், ரெண்டு பேர் இருக்காங்க மேடம். ஆனா அவங்க ஸ்டூடண்ட் இல்ல மேடம்."

"பின்ன யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரே குரலில் கத்தியது. "மாடசாமி சார்! மலர்விழி மிஸ்!"

மைக் ஊளையிட்டது. கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றிருந்த பி.இ.டி. மாஸ்டர் மாடசாமி, வானத்தில் ஏதோ அவசரச் செய்தி ஓடுவது போல அண்ணாந்து பார்த்தார். மலர்விழிக்குக் காது மடல் எல்லாம் எரிந்தது.

பிள்ளைகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாலு வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. ஸ்டாஃப் ரூமில் முதுகுக்கு முதுகு நாற்காலி. ஏதாவது அவசியம் என்றால் இடையில் ஒரு பிள்ளை வேண்டும். "ஏல, ஒங்க டீச்சர்ட்ட சொல்லு, பக்கெட்டு கிரவுண்டுக்கு வேணும்னு" என்பார் அவர், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு. "கழுவிக் குடுக்கச் சொல்லு உங்க சார" என்பாள் இவள். பிள்ளை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதையும் சொல்லாமல் ஓடிப்போகும்.

அதற்கு முன்னால் அவர்கள் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கடன் போகிற பீரியட் இரண்டுதான், ஒன்று விளையாட்டு, இன்னொன்று ஓவியம். பறிகொடுத்தவர்கள் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு சுதாகரைத் திட்டுவார்கள். அதில் ஒரு சுகம் இருந்தது. அப்புறம் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் அப்போதைய தலைமையாசிரியர், "டென்த்துக்கு மேத்ஸ் கூட்டணும். டிராயிங்கையோ பி.டி.யையோ ஒண்ணை எடுத்துடலாம். எதை எடுக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டார். மலர்விழி வாயைத் திறப்பதற்குள் மாடசாமி எழுந்து நின்றார். "டிராயிங்க எடுத்துக்கிடுங்க சார். ஓடலன்னா பயலுவளுக்குக் கிறுக்கு புடிச்சிரும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சுதாகர் எடுத்தது போகட்டும், அவர் எடுக்கிறவர். மாடசாமி கூடவே உட்கார்ந்து டீ குடித்தவர். மலர்விழிக்கு அன்று அழுகையாக வந்தது, அப்புறம் ஆத்திரமாக வந்தது, அது அப்படியே உறைந்துபோனது.

"சுவருக்கு விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே டீச்சர்?" என்றார் புஷ்பவல்லி, பிரேயர் முடிந்ததும். அவர் இப்படிச் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. மாட்டேன் என்று சொன்னால் சுவர் போச்சு. மலர்விழி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வியாழன் சாயங்காலம் மாடசாமி விசிலோடு வந்து நின்றார். டிஸ்டெம்பர் டப்பாக்களைத் திறந்து வைத்து, இரண்டு பிரஷ்களில் நல்லதை எடுத்துக்கொண்டு, மட்டமானதை அவர் பக்கம் தள்ளினாள் மலர்விழி. இடது ஓரத்தில் அவள் ஒரு பலா மரத்தைத் தொடங்கினாள். வலது ஓரத்தில் அவர் ஏதோ பச்சையாகத் தடவ ஆரம்பித்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் சும்மா விடுவார்களா? புத்தகப் பையைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கூடிவிட்டார்கள்.

"மிஸ், நடுவுல கேப் விடுறீங்க மிஸ்."

"விடலடி."

"விடுறீங்க மிஸ். கேப்பும் கோடும் ஒண்ணுதான்னு போன வருஷம் நீங்கதான் எங்களச் சொன்னீங்க" என்றாள் இசைப்பிரியா.

மலர்விழி திரும்பிப் பார்த்தாள். மரத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்கிற அகலத்துக்கு வெள்ளை கிடந்தது. இவள் அசையவில்லை. அவர்தான் ஒரு பெருமூச்சு விட்டு, நடுவே நகர்ந்து வந்து, சாம்பலையும் வெள்ளையையும் குழைத்து ஒரு பறவையைப் போட்டார். குண்டாக, கழுத்தில்லாமல், வாலை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"புறா! புறா!" என்று கூட்டம் அலறியது.

"நிலவா, உங்க சார்கிட்ட சொல்லு, இந்த சுவத்துல புறா கூடாதுன்னு" என்றாள் மலர்விழி.

நிலவன் வாயைத் திறந்தான். மாடசாமி அவனைக் கையமர்த்திவிட்டு நேராக அவளைப் பார்த்தார்.

"டீச்சர், இது கோழி."

நாலு வருஷம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

"கோழின்னா கொண்டை எங்க?" அவள் வாய் அவளைக் கேட்காமல் பேசிவிட்டது.

"இனிமேத்தான் வைக்கணும்."

வைத்தார். சிவப்பை எடுத்துத் தலையில் ஒரு அப்பு அப்பினார். இப்போது அது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குச் சுரங்கத்துக்குக் கிளம்பிய புறா போல இருந்தது. மலர்விழி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்து, பெயிண்ட் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, அது மூடியிருந்த டப்பா. மாடசாமியும் தன் பறவையைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிள்ளைகளைக் கேட்க வேண்டாம்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அவள் அதற்கு அலகும் காலும் கொடுத்துக் கோழியாக்கினாள். அவர் குஞ்சுகள் வேண்டும் என்றார். அவள் பலா மரத்தின் நிழலை நீட்டிக் குஞ்சுகள் மேல் போட்டாள். அவருடைய பச்சை மைதானம் மரத்தின் வேர் வரைக்கும் வந்து சேர்ந்தது. கம்மாபுரம் பஸ் ஹார்ன் அடித்தது, பிள்ளைகள் மனசில்லாமல் எழுந்து போனார்கள். இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள், வாக்கியம் மிஞ்சியது.

"பீரியடுக்காகச் சண்டன்னு எழுதிடலாமா சார்?"

"அது பாதிதான டீச்சர்."

"மீதி என்னா?"

மாடசாமி பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார். பக்கத்துக் கட்டத்தில் நிலவனும் பிரவினும் எழுதிய வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம் ஒரு பேச்சு அடிபட்டுது. பி.டி. பீரியட கொறச்சா, ரெகுலரா மாஸ்டர் எதுக்கு, வாரத்துல ரெண்டு நாளு யாரையாச்சும் வரச் சொன்னாப் போதும்னு. எனக்கு ஜூன்ல ஆர்டர் புதுப்பிக்கணும். நான் கான்ட்ராக்டுல்லா?" அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. "ஒங்க பீரியடு போனா ஒங்களுக்குக் கோவந்தான் வரும். ஏன் பீரியடு போனா எனக்குச் சோறு போயிரும். மீட்டிங்ல அவரு கேட்டதும் பயந்துட்டேன். பயத்துல சொன்னதுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நானே குடுத்திருப்பேனே."

"குடுத்துருப்பீய. அதான் சொல்லல. கோவமாப் பாத்தா தாங்கிக்கிடலாம் டீச்சர். பாவமாப் பாத்தா முடியாது."

அவர் கான்ட்ராக்ட் என்பது மலர்விழிக்குத் தெரியாத ரகசியமா? பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். டவுன்ஷிப்பில் யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்பது நடந்து வருகிற நடையிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு மே மாதமும் அவள் லீவு சம்பளத்தோடு ஊட்டிக்கோ, தங்கை வீட்டுக்கோ போய்விட்டு வந்திருக்கிறாள். அதே மே மாதத்தைச் சம்பளம் இல்லாமல் இந்த மனுஷர் எப்படி ஓட்டுவார் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. கேன்டீனில் அத்தனை டீ குடித்த காலத்திலும் தோன்றியதில்லை. சேர்ந்த நாளிலிருந்தே பர்மனென்ட்டாக இருந்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் நாலு வருஷம் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முழித்தாள்.

"பீரியடுக்காகன்னே எழுதிடலாம் சார்" என்றாள் அவசரமாக. "நாளைக்கு எல்லாரும் படிப்பாங்க. மேடம் படிப்பாங்க. மீதியெல்லாம் எதுக்கு?"

"உண்மைய எழுதணும்லா டீச்சர்?"

"அது பிள்ளைங்களுக்கு சார்."

"அந்தப் பய எழுதிட்டான." மாடசாமி பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார். "தெனமும் ஏன் முன்னால வந்து லைன்ல நிக்கான். நான் மட்டும் ஒளிச்சுவச்சா அவன் மூஞ்சில எப்படி முழிக்க?"

நல்ல பிரஷ்ஷை அவள் கையிலிருந்து வாங்கினார். கோழிக்கும் குஞ்சுகளுக்கும் கீழே, மைதானத்தில் கோடு போடுகிற நிதானத்தோடு எழுதினார். 'மாடசாமி கான்ட்ராக்ட் என்பதால் சொல்லவில்லை,' என்று கமா வைத்து நிறுத்தி, பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார்.

ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும். மலர்விழி ரொம்ப நேரம் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்ட் சொட்டி அவள் செருப்பில் விழுந்தது. இத்தனை வருஷம் பிள்ளைகளைப் போட்டுப் படுத்தினோமே, அவர்கள் அழுததெல்லாம் இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவரை ஒட்டியே எழுதி முடித்தாள்.

'மாடசாமி கான்ட்ராக்ட் என்பதால் சொல்லவில்லை, மலர்விழி பர்மனென்ட் என்பதால் கேட்கவில்லை.'

வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு பிள்ளையும் அங்கே நின்றது. முதலில் கோழியைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு கீழே படித்தார்கள், பிறகு சத்தம் போடாமல் உள்ளே போனார்கள். நிலவன் இரண்டு தடவை படித்துவிட்டு, மாடசாமிக்கு எதிரில் வந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். மாடசாமி விசிலை வாயில் வைத்து ஊதாமல் வெறுமனே கடித்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பு தலைமையாசிரியை வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். ஒரு வாக்கியத்தைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகுமா என்று மலர்விழிக்குப் படபடப்பாக இருந்தது. பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்றெல்லாம் சுவரில் எழுதி வைத்ததற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று அவளும் மாடசாமியும் பக்கம் பக்கமாக நின்றார்கள்.

"ஃப்ளெக்ஸ்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார் புஷ்பவல்லி. அவர் குரல் வழக்கம்போல் நேராக இல்லை. "அடுத்த வருஷம் எனக்கு ஒரு கட்டம் எடுத்து வைங்க டீச்சர்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆபீஸ் பக்கம் போய்விட்டார். மாடசாமி வாயைப் பிளந்தார். மலர்விழிக்கு உடம்பே லேசானது. சுவர் பிழைத்துவிட்டது, அடுத்த வருஷமும் ஜனவரி உண்டு. இந்தச் சந்தோஷத்தோடு வகுப்புக்குப் போயிருக்கலாம், நேற்று வரைக்கும் இருந்த மலர்விழி போயிருப்பாள். இவள் நாலு எட்டு வைத்தாள், நின்றாள், அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் ஓடினாள்.

"மேடம்! சண்டை யாரு கூட மேடம்?"

புஷ்பவல்லி கதவுத் திரையைப் பிடித்தபடி திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இதை இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேட்டதில்ல டீச்சர்" என்றார். "உள்ள வந்து உக்காருங்க."